நிறத்தைக் காக்கும் சொல்: கறுப்பு வெள்ளையிலிருந்து வண்ணத்திற்கு

(சுங்கை லாலாங்கில் நிகழ்ந்த பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மொழி மன்றத்தின் சொற்பொழிவு வரிசையில் இலக்கணம், இலக்கியம், சொல்லாக்கம் ஆகியவை பேசப்படுவது மரபு. இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருளோ நிழற்படமும் திரைப்படமும் தொலைக்காட்சியும் கறுப்பு வெள்ளையிலிருந்து வண்ணத்திற்கு மாறிய வரலாறு. இது பொறியியலார் பேசத்தக்க பொருளாயிற்றே, மொழி மன்றத்திற்கு இதில் என்ன வேலை என்ற ஐயம் எழலாம். அந்த ஐயம் நியாயமானதே. அதற்கு விடை சொல்வதுதான் இச்சொற்பொழிவின் நோக்கம்.

ஒரு திருமணப் படம்

சென்ற ஆண்டு நம் வட்டாரத்தில் ஒரு வீட்டில் நடந்த நிகழ்ச்சியிலிருந்து தொடங்குவோம். எண்பது வயதைக் கடந்த மூதாட்டி ஒருவருக்குப் பிறந்தநாள். அவருடைய பெயரன், பாட்டியின் திருமணப் படத்தைப் பேழையிலிருந்து எடுத்துச் சென்று, கைப்பேசிச் செயலியில் வண்ணமேற்றி, பெரிதாக அச்சிட்டு, சட்டமிட்டுப் பரிசாகக் கொடுத்தான். 1950களின் இறுதியில் சுங்கை பட்டாணியில் ஒரு நிழற்பட நிலையத்தில் எடுத்த படம் அது. பின்னே படிக்கட்டும் தூணும் தீட்டிய திரை. முன்னே மணமக்கள்.

பாட்டி படத்தை மடியில் வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு, "யாருடா இது?" என்றார்.

"நீங்கதான் பாட்டி."

"என் கூறைச் சேலை அரக்கு. இது நீலம். இந்தச் சேலைய நான் கட்டவே இல்லையே."

கூடியிருந்தவர்கள் சிரித்தனர். அவர் சிரிக்கவில்லை. சேலையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். அரக்கு உடல், மாம்பழ மஞ்சளில் கரை. மிதிவண்டியில் தோட்டத்துக்கு வந்த துணிக்காரரிடம் தவணைக்கு வாங்கியது. தவணை தீர்வதற்குள் தலைப்பிள்ளை பிறந்துவிட்டது. மாப்பிள்ளை அணிந்திருந்த கோட்டு இரவல். அது பாக்கு நிறம். மாலையில் பாதிதான் பூ, மீதி ரோஜா நிறத் தாள். அன்று பூ கிடைக்கவில்லை. இவ்வளவையும் பத்து நிமிடங்களில் சொன்னார். அறுபது ஆண்டுகளாக அந்த வீட்டில் இருந்த படம் இவற்றில் ஒன்றையும் சொல்லியதில்லை. வீட்டார் கேட்டதுமில்லை. தவறான நிறம் ஒன்று வந்து நின்ற பிறகே உண்மையான நிறம் வாய்திறந்தது.

இந்த நிகழ்ச்சி நம்மை விட்டு அகலவில்லை. செயலி ஏன் தவறியது? பாட்டி சொல்லாதிருந்தால் அந்த நீலமே குடும்ப வரலாறாகியிருக்குமல்லவா? நம் தோட்டங்களின் படங்கள் எல்லாவற்றுக்கும் இது பொருந்துமல்லவா? இவ்வினாக்களே இன்றைய பேச்சின் வித்து.

பெயர் பின்னால் வந்தது

முதலில் சொல்லைப் பார்ப்போம். "கறுப்பு வெள்ளைப் படம்" என்று இன்று எளிதாகச் சொல்கிறோம். வண்ணம் வருவதற்கு முன் எவரும் அப்படிச் சொன்னதில்லை. அப்போது அது "படம்" மட்டுமே. மின்விளக்கு வந்த பிறகே விளக்கு "எண்ணெய் விளக்கு" ஆனது. கைப்பேசி வந்த பிறகே வீட்டிலிருந்த தொலைபேசி "வீட்டுத் தொலைபேசி" ஆனது. அதுபோலவே புதியது வந்த பின்னர்தான் பழையதற்கு அடைமொழி கிடைத்தது. படத்தில் ஏதோ ஒன்று இல்லை என்பதை, அந்த ஒன்று வந்த பிறகே நாம் அறிந்தோம்.

அச்சொல் அறிவியல்படியும் முழுமையானதன்று. அப்படங்களில் கறுப்பும் வெள்ளையும் இரு கரைகள். இடையே ஓடுவதெல்லாம் சாம்பல். நிழற்படம் என்று நம் முன்னோர் இட்ட பெயரே அதற்கு நெருக்கமானது.

நிறத்தைப் பற்றிய நம் சொற்கள் வெறும் கண்ணால் காணும் சாயத்தோடு நிற்பவை அல்ல. கறுப்பு, சிவப்பு என்னும் சொற்கள் வெகுளியைக் குறிக்கும் என்றும், நிறத்தைக் குறிப்பதற்கும் உரியவை என்றும் தொல்காப்பிய உரியியல் கூறுகிறது. "வண்ணம்" என்பது நிறத்தைச் சுட்டும் சொல். அதுவே செய்யுளின் ஓசை நடையையும் சுட்டும். தொல்காப்பியச் செய்யுளியல் இருபது வண்ணங்களைக் கூறுகிறது. "நிறம்" என்ற சொல்லுக்குச் சங்க நூல்களில் மார்பு என்ற பொருளும் உண்டு. தலைவனைப் பிரிந்த தலைவியின் மேனியில் படரும் நிறத்துக்குப் "பசலை" என்று தனிப்பெயர் வைத்த மொழி இது. அந்த நிறத்தை எந்தப் படச்சுருளும் பதிந்ததில்லை, சொல் பதிந்திருக்கிறது. இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

தெய்வங்களுக்கு முதலில் நிறம்

தோட்டத்து லயத்து வீடுகளில் வண்ணப்படம் திரைப்படத்தோடு வந்ததென்று கருதினால் அது பிழை. அதற்கு முன்பே சுவரில் வண்ணம் இருந்தது. இரவிவர்மாவின் அச்சகம் 1894இல் பம்பாயில் தொடங்கப்பட்டது. தெய்வ உருவங்கள் வண்ண அச்சில் எளிய மக்களின் வீடுகளை அடைய அது வழி திறந்தது. பின்னாளில் கோவில்பட்டி கொண்டையராஜுவும் அவர் மாணாக்கரும் தீட்டிய முருகனும் இலக்குமியும் சிவகாசி அச்சில் நாட்காட்டிகளாகிக் கடல் கடந்தன. மளிகைக் கடைக்காரர் ஆண்டுப் பிறப்பில் தரும் நாட்காட்டியின் தாள்கள் தீர்ந்தாலும் படத்தை எவரும் எறிவதில்லை. அது சட்டத்துக்குள் புகுந்து பூசைக்குரியதாகிவிடும்.

ஆகவே ஒரே சுவரில் தெய்வங்கள் வண்ணத்திலும் மனிதர்கள் சாம்பலிலும் இருந்தார்கள். மயில் தோகைக்குப் பச்சையும் நீலமும் உண்டு. தாத்தாவின் தலைப்பாகைக்கு நிறம் இல்லை. இக்குறையைப் போக்க நிழற்பட நிலையங்களில் கைவண்ணம் தீட்டுவோர் இருந்தனர். கறுப்பு வெள்ளைப் படத்தின்மேல் மெல்லிய தூரிகையால் உதட்டுக்குச் சிவப்பும் நகைக்குப் பொன்னிறமும் இட்டனர். மஞ்சள் பூசிய முகம் மஞ்சளாகவே தெரிய வேண்டும் என்று தாய்மார் கேட்டு வாங்கினர். செயலி இன்று செய்வதை அந்தக் கலைஞர் அன்று செய்தார். வேறுபாடு ஒன்றுதான். அவர் கேட்டுவிட்டுத் தீட்டினார்.

திடலும் திரையும்

இனித் திரைக்கு வருவோம். முழுநீள வண்ணப்படமாக வந்த முதல் தமிழ்ப்படம் 1956ஆம் ஆண்டின் "அலிபாபாவும் 40 திருடர்களும்". சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி. ஆர். சுந்தரம் கேவாகலரில் எடுத்தது. எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்தது. 1958இல் வந்த "நாடோடி மன்னன்" நம் பொருளுக்கு நல்ல சான்று. அதன் முற்பகுதி கறுப்பு வெள்ளை, பிற்பகுதி வண்ணம். ஒரே படத்துக்குள் மக்கள் காலம் மாறுவதைக் கண்டார்கள். 1959இல் "வீரபாண்டிய கட்டபொம்மன்", 1962இல் டெக்னிக்கலரில் "கொஞ்சும் சலங்கை" என்று வண்ணம் தொடர்ந்தது. முதலில் வண்ணம் பெற்றவை அரசர் கதைகளும் மாயக்கதைகளுமே என்பதை நோக்குக. சுவரில் தெய்வத்துக்கு முதலிடம். திரையில் மன்னருக்கு முதலிடம். சாதாரண மனிதர் சட்டையும் சேலையுமாக வண்ணத்தில் வலம்வரும் காலம் 1964இன் "காதலிக்க நேரமில்லை" போன்ற படங்களோடுதான் வலுப்பெற்றது.

வண்ணச்சுருள் வெளிநாட்டிலிருந்து விலை கொடுத்து வரவேண்டிய பொருள். எனவே பெரிய நடிகர் படங்கள் வண்ணத்துக்கும், குடும்பக் கதைகள் கறுப்பு வெள்ளைக்கும் என ஒரு பிரிவு நெடுங்காலம் இருந்தது. கே. பாலசந்தரின் "அவள் ஒரு தொடர்கதை" 1974இலும் "அபூர்வ ராகங்கள்" 1975இலும் கறுப்பு வெள்ளையிலேயே வந்தன. அலிபாபா வந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆகியும் நிலை அதுவே. 1977இல் "16 வயதினிலே" வண்ணத்தில் வந்தபோது, அரண்மனை அல்ல, புழுதித் தெருவும் ஓலைக் கூரையும் திரையில் நிறம் பெற்றன. கறுப்பு வெள்ளையின் காலம் அத்துடன் விரைந்து முடியலாயிற்று.

நம் நாட்டு மலாய்த் திரைப்படத்தின் கதையும் இதற்கு இணையானது. கேத்தே கெரிஸ் நிறுவனம் 1953இல் "பூலோ பெரிண்டு" படத்தை வண்ணத்தில் தந்தது. ஷா சகோதரர்களின் நிறுவனம் 1956இல் பி. ரம்லீ நடித்த "ஹாங் துவா" படத்தை ஈஸ்ட்மன்கலரில் தந்தது. இயக்கியவர் இந்தியரான பணி மஜும்தார். ஆயினும் பினாங்கில் பிறந்த அந்த மாபெரும் கலைஞர் 1964க்குப் பின் கோலாலம்பூர் மெர்டேக்கா நிலையத்தில் இயக்கிய படங்கள் எல்லாம் கறுப்பு வெள்ளையே. 1973இல் அவர் மறைந்தார். தாம் இயக்கிய அப்படங்கள் வண்ணத்தில் வெளிவரும் காலத்தை அவர் காணவில்லை.

இப்படங்கள் சுங்கை லாலாங், பீடோங் சுற்றுவட்டாரத் தோட்டங்களுக்கு எப்படி வந்தன என்பதை மூத்தோர் அறிவர். நகரத்துக் கொட்டகைக்குச் செல்லப் பேருந்துச் செலவு வேண்டும், மறுநாள் விடியுமுன் பெரட்டுக்கு நிற்கவும் வேண்டும். ஆகவே படம் திடலுக்கு வரும் நாளே திருநாள். இரு கம்பங்களுக்கிடையே வெள்ளைத் துணி கட்டப்படும். பாய், பலகை, சாக்கு என்று அவரவர் இருக்கையோடு மக்கள் வருவார்கள். தகவல் இலாகாவின் வண்டி வந்தால் அரசின் செய்திப்படங்கள் முதலில் ஓடும். திரைக்குப் பின்புறம் உட்கார்ந்து இடவலம் மாறிப் பார்த்தவர்களும் உண்டு. எந்தப் படம் என்று கேட்பதற்குமுன் "கலர் படமா?" என்று கேட்கும் வழக்கம் அந்நாளில் பிறந்தது. இன்று அவ்வினா வழக்கொழிந்துவிட்டது. ஒரு வினா மறைவதும் ஒரு காலம் முடிந்ததற்குச் சான்று.

பெட்டிக்குள் நிறம்

தொலைக்காட்சியில் நம் வரலாறு தனித்தன்மை உடையது. மலேசியத் தொலைக்காட்சி 1963ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள் தொடங்கியது. சரியாகப் பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1978ஆம் ஆண்டு அதே டிசம்பர் 28இல் வண்ண ஒளிபரப்பு தொடங்கியது. சிங்கப்பூரில் வண்ணம் 1974இல் வந்தது. சென்னையில் தொலைக்காட்சி தொடங்கியதே 1975இல்தான். இந்தியாவுக்கு வண்ண ஒளிபரப்பு 1982இல் வந்தது. இலங்கையில் தொலைக்காட்சியின் தொடக்கம் 1979. ஆக, பெட்டிக்குள் வண்ணம் பார்த்ததில் நாம் தாயகத்துக்குச் சில ஆண்டுகள் முந்தியவர்கள். ஆனால் அந்த வண்ணப் பெட்டியில் நாம் ஆவலோடு காத்திருந்து பார்த்த தமிழ்ப்படங்கள் பலவும் கறுப்பு வெள்ளை!

வண்ண ஒளிபரப்பு தொடங்கிய இரவில் பழைய பெட்டிகள் இருண்டுவிடவில்லை. நம் நாடு ஏற்ற பால் முறையில் ஒளிச்செறிவு ஒரு பகுதியாகவும் நிறம் மற்றொரு பகுதியாகவும் அனுப்பப்படும். பழைய பெட்டி முதல் பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளும். முழுநேர மின்சாரம் எட்டாத லயங்களில் சிறிய கறுப்பு வெள்ளைப் பெட்டியை வண்டி மின்கலத்தில் ஓட்ட முடிந்தது. ஆகவே நகரத்தில் வண்ணம் வந்த பிறகும் தோட்டத்தில் சாம்பல் பல்லாண்டு நீடித்தது. வண்ணம் ஒரே நாளில் விடிந்தது என்று நூல்கள் எழுதும். லயத்துக்கு லயம் விடியல் வேறுபட்டது என்பதே உண்மை.

சாம்பலின் கணக்கு

இப்போது பாட்டியின் சேலைக்குத் திரும்புவோம். செயலி ஏன் தவறியது?

தொலைக்காட்சியில் ஒரு நிறத்தைச் சாம்பலாக மாற்றும் கணக்கு எளிது. ஒளிச்செறிவை 100 பங்காகக் கொண்டால் பச்சைக்கு 59, சிவப்புக்கு 30, நீலத்துக்கு 11 என்று ஏறத்தாழ எடை தருவர். மூன்றும் கூடி ஒரே எண்ணாகிறது. மூன்று எண்களைக் கூட்டி ஒன்றாக்கிவிட்ட பின், அந்த ஒன்றைப் பார்த்து முதல் மூன்றையும் கண்டுபிடிக்க இயலாது. 12 என்ற விடையை மட்டும் சொல்லி, கூட்டிய எண்கள் எவை என்று கேட்டால் யாரால் சொல்ல முடியும்? நிழற்படச் சுருளின் எடைகள் வேறு, ஆயினும் நெறி ஒன்றே. ஆழ்ந்த அரக்கும் ஆழ்ந்த நீலமும் ஆழ்ந்த பச்சையும் ஒரே சாம்பலாக அமர்ந்துவிடும். செயலி செய்தது கண்டுபிடிப்பன்று. பிற படங்கள் பல்லாயிரத்தைக் கண்ட பழக்கத்தால், இப்படி இருக்கலாம் என்று ஊகித்தது. அந்தப் படங்களில் தோட்டத்துக் கூறைச் சேலைகள் எத்தனை இருந்திருக்கும்?

அது பாட்டியின் முகத்தையும் வெளுப்பாக்கியிருந்தது. இது புதிய பிழையன்று. வண்ணப் படங்களை அச்சிடும் கூடங்களுக்கு, நிறத்தைச் சரிபார்க்க ஒரு மாதிரி அட்டையைக் கோடாக் நிறுவனம் அனுப்பி வந்தது. வெண்ணிறப் பெண் ஒருவரின் படம் கொண்ட அவ்வட்டைக்கு "ஷெர்லி அட்டை" என்று பெயர். அவருடைய தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி. கரிய மேனியர் இருளாகவும் களையற்றும் வந்தால் அது அவர்களின் குறை என்று கருதப்பட்டது. கரும்பழுப்பு நிறங்கள் சரியாக வரவில்லை என்று சாக்லெட் செய்வோரும் மரச்சாமான் செய்வோரும் முறையிட்டதும் சுருளைத் திருத்துவதற்கு ஒரு காரணமாயிற்று என்பது பதிவான வரலாறு. மனிதரின் முகத்துக்காக எழாத முறையீடு மேசைக்காக எழுந்தது!

மாந்தளிர் போன்ற கரிய மேனியின் அழகை "மாமை" என்று போற்றிய சங்கப் புலவரின் வழிவந்தோர் நாம். அச்சொல் நம்மிடம் இருக்க, முகப்பூச்சு மாவை இரட்டையாகப் பூசிக்கொண்டு படமெடுக்க நின்றோம். நிழற்பட நிலையங்களும் படச்சுருளின்மேல் கரிக்கோலால் தொட்டு முகத்தை வெளுப்பாக்கித் தந்தன. கருவியின் குறையை நம் குறையாக ஏற்றுக்கொண்டோம். மாமை என்ற சொல் வழக்கில் இருந்திருந்தால் அவ்வளவு எளிதில் ஏற்றிருப்போமா என்று எண்ணத் தோன்றுகிறது.

மங்கும் வண்ணம்

வண்ணம் வந்ததால் இனிக் கவலையில்லை என்று நினைத்தோம். அங்கேதான் பெரிய ஏமாற்றம் காத்திருந்தது.

கறுப்பு வெள்ளைப் படம் வெள்ளியால் ஆனது. ஒளி பட்ட வெள்ளி உப்பு, இருட்டறைக் கரைசலில் நுண்ணிய வெள்ளித் துகளாக மாறித் தாளிலே தங்கிவிடும். சிவப்பு விளக்கின் மங்கிய ஒளியில் வெற்றுத் தாளில் முகம் மெல்ல எழுந்துவரும் காட்சியைக் கண்டவர்கள் மறக்கமாட்டார்கள். சிறு நகரத்து நிழற்படக்காரரே இவ்வேலை முழுவதையும் தம் பின்கட்டில் முடித்துவிடுவார்.

வண்ணச் சுருளோ மூன்று அடுக்குகள் கொண்டது. நீலம், பச்சை, சிவப்பு ஆகிய ஒளிகளை ஒவ்வோர் அடுக்கு ஏற்கும். கழுவும்போது அவற்றில் முறையே மஞ்சள், செவ்வூதா, நீலப்பச்சைச் சாயங்கள் உருவாகும். பின்னர் வெள்ளி முழுவதும் நீக்கப்படும். ஆக, வண்ணப் படத்தில் எஞ்சுவது உலோகமன்று, சாயம் மட்டுமே. கழுவும் வெப்பநிலை சிறிதும் பிறழக்கூடாது. சிவப்பு விளக்கும் கூடாது. ஆகவே சிறுநகர நிழற்படக்காரரின் கையிலிருந்து தொழில் நழுவிப் பெருநகரக் கூடங்களுக்குச் சென்றது. படம் எடுத்தவர் அதை அனுப்பிவிட்டுக் காத்திருந்தார்.

சாயத்துக்கு ஒளி பகை, வெப்பம் பகை, ஈரம் பகை. நம் மண்ணில் மூன்றும் ஆண்டு முழுவதும் உண்டு. கோடாக்ரோம் 1935இல் வந்தது, கோடாகலர் 1942இல் வந்தது. ஆனால் நம் தோட்டத்துக் குடும்பங்களில் பெரும்பாலோர் வண்ணப்படம் எடுத்துக்கொண்டது 1970களிலும் 80களிலும்தான். இன்று அப்படங்களை எடுத்துப் பாருங்கள். முகங்கள் செம்மை படிந்தோ மஞ்சளித்தோ காணப்படும். தாத்தாவின் வெள்ளிப் படம் தெளிவாக நிற்க, அத்தையின் வண்ணப்படம் கரைந்துகொண்டிருக்கிறது. பழையதே முதலில் அழியும் என்ற நம் எண்ணம் இங்கே தலைகீழாகிறது.

திரைப்படங்களுக்கும் இக்கேடு நேர்ந்தது. ஈஸ்ட்மன்கலர் படிகளில் நீலப்பச்சைச் சாயம் முதலில் மங்க, வானமும் கடலும் வயலும் செவ்வூதா ஆயின. 1980இல் அமெரிக்க இயக்குநர் மார்ட்டின் ஸ்கோர்செசி இதனை எதிர்த்துக் குரலெழுப்பினார். அழியாமல் காப்பதற்குப் பெரிய நிறுவனங்கள் கையாண்ட வழி ஒன்று நம் சிந்தனைக்குரியது. வண்ணப்படத்தின் மூன்று நிறங்களையும் பிரித்து, ஒவ்வொன்றையும் தனித்தனிக் கறுப்பு வெள்ளைச் சுருளில் பதிந்து வைத்தார்கள். சாயம் மங்கும், வெள்ளி மங்காது. பின்னொரு நாள் மூன்றையும் சேர்த்தால் வண்ணம் மீளும். வண்ணத்தைக் காக்கக் கறுப்பு வெள்ளையிடம் அடைக்கலம் புகுந்தனர் என்பதே இதன் பொருள்.

தோட்டத்தின் நிறங்கள்

நம் வட்டாரத்துக்கு இதில் தனியான இழப்பு ஒன்று உண்டு. இரப்பர்த் தோட்டங்களில் நம் மக்களின் வாழ்வு செழித்தும் நலிந்தும் நடந்த காலம் பெரும்பாலும் கறுப்பு வெள்ளைக் காலம். நம் கைகளில் வண்ணக் கருவி வந்தபோது தோட்டங்கள் துண்டாடப்பட்டும், செம்பனைக்கு மாறியும், வீடமைப்புப் பகுதிகளாகியும் வந்தன. வண்ணம் வந்தது, எடுக்கவேண்டிய பொருள் போய்க்கொண்டிருந்தது.

படத்தில் இல்லாதவை எவை? ஆண்டுத் தொடக்க வறட்சியில் பால்மரங்கள் இலையுதிர்க்குமுன் காடே செம்பு நிறமாகும். தகடாக்கித் தொங்கவிட்ட பால், புகைக்குமுன் வெள்ளை, புகைத்தபின் தேன் நிறம். உடையில் தெறித்த பால் காய்ந்தால் கறுப்பு. மரத்தில் புதிதாய்ச் சீவிய பட்டையின் நிறம் வேறு, ஆறிய பட்டையின் நிறம் வேறு. பார்த்த மாத்திரத்தில் வெட்டியவரின் கைத்திறனைச் சொல்லிவிடுவார்கள். லாலாங் புல் பூத்தால் இவ்வூரே வெண்பட்டு விரித்தாற்போல் இருக்கும். ஜெராய் மலை விடியலில் ஒரு நிறம், மழைக்குமுன் ஒரு நிறம். படத்தில் இவையெல்லாம் சாம்பல். அந்நிறங்களைக் கண்ட கண்கள் இன்னும் சில நம்மிடையே இருக்கின்றன. அவை மூடிவிட்டால் சாம்பல் மட்டுமே மிஞ்சும், அல்லது செயலியின் ஊகம் மிஞ்சும்.

சொல்லின் கடமை

இப்போது தொடக்கத்தில் எழுந்த ஐயத்துக்கு விடை கூறலாம். மொழி மன்றத்துக்கு இதில் என்ன வேலை? நிறத்தைக் காக்கும் மூன்று சுருள்கள் நம் குடும்பங்களிடம் இல்லை. சொல் இருக்கிறது. அதுவும் எத்தகைய சொற்கள்! கிளிப்பச்சை, மயில்கழுத்து, வெங்காயச் சருகு, வாடாமல்லி, கத்தரிப்பூ, அரக்கு, பாக்கு, காவி, இராமர் பச்சை. இசைவாணி எம். எஸ். சுப்புலட்சுமியின் பெயரால் எம்.எஸ். நீலம் என்று நெசவாளர் ஒரு நிறத்துக்கே பெயரிட்டனர். அவருடைய புகழ்பெற்ற படங்கள் பல கறுப்பு வெள்ளை. நீலத்தை நமக்குச் சொல்வது துணியும் சொல்லும்தான். இச்சொற்களில் ஒவ்வொன்றும் கண்ட பொருளிலிருந்து பிறந்தது. நம் பிள்ளைகள் இன்று சிவப்பு, நீலம், பச்சை என்று ஆறேழு சொற்களில் நின்றுவிடுகிறார்கள். பாட்டி "அரக்கு" என்றபோது பெயரனுக்கு அது என்ன நிறம் என்று தெரியவில்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். சொல்பவர் இருந்தும் கேட்பவரிடம் சொல் இல்லாவிட்டால் நிறம் இரண்டாம் முறை இழக்கப்படுகிறது.

ஆதலால் சில வேண்டுகோள்களை இவ்வவையின்முன் வைக்கிறோம்.

முதலாவது, வீட்டிலுள்ள பழைய படங்களோடு பெரியோர் பக்கத்தில் அமருங்கள். யார், எங்கே, எப்போது என்று கேட்பதோடு நின்றுவிடாமல், என்ன நிறம் என்று கேளுங்கள். நிறத்தைக் கேட்டால் கதை தானே வரும். சேலையின் நிறத்தைக் கேட்டதால்தான் தவணையும் இரவல் கோட்டும் வெளிவந்தன.

இரண்டாவது, சொன்னதை அவர் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள். "மாம்பழ மஞ்சள்" என்றால் "மஞ்சள்" என்று சுருக்கவேண்டாம். படத்தின் பின்புறம் மென்மையான கரிக்கோலால் அழுத்தாமல் எழுதுங்கள். மையும் ஒட்டுத்தாளும் படத்தைக் கெடுக்கும்.

மூன்றாவது, கணினியில் படியெடுக்கத் தொடங்குவோர் வண்ணப் படங்களை முதலில் எடுங்கள். கறுப்பு வெள்ளை சற்றுக் காத்திருக்கும், வண்ணம் காத்திருக்காது.

நான்காவது, செயலியால் வண்ணமேற்றுவதைத் தவறென்று நாம் சொல்லவில்லை. பிள்ளைகளின் அன்பு அதில் இருக்கிறது. ஆனால் மூலப்படத்தைப் பத்திரப்படுத்துங்கள். வண்ணமேற்றிய படியில் "இது ஊக வண்ணம்" என்று ஒரு வரி எழுதுங்கள். பெரியோர் உயிரோடிருந்தால், பழைய கைவண்ணக் கலைஞரைப் போல, அவரைக் கேட்டுவிட்டுத் தீட்டுங்கள்.

ஐந்தாவது ஆசிரியர்களுக்கு. தமிழ்ப்பள்ளி மாணவர் ஒவ்வொருவரும் தம் வீட்டுப் பெரியோரிடமிருந்து ஐந்து நிறப்பெயர்களைக் கேட்டு வரட்டும். ஒரு வகுப்பு ஓராண்டில் ஓர் அகராதியே தொகுத்துவிடும்.

முடிவாக அந்தப் பாட்டியின் வீட்டுச் செய்தி. வண்ணப்படம் இப்போதும் கூடத்தில் தொங்குகிறது. பெயரன் கொடுத்ததை இறக்கப் பாட்டிக்கு மனமில்லை. "நீலச்சேலைக்காரி அங்க இருக்கட்டும், பாவம்" என்றாராம். மூலப்படம் பேழைக்குத் திரும்பிவிட்டது. அதன் பின்புறத்தில் பெயரன் கரிக்கோலால் நான்கு வரி எழுதியிருக்கிறான். அரக்கு, மாம்பழ மஞ்சள், பாக்கு, ரோஜா நிறத் தாள். எழுத்துப்பிழை இரண்டு உண்டு. நிறப்பிழை இல்லை.

வெள்ளைத் தாள், கறுப்பு எழுத்து. வண்ணத்தை நெடுங்காலம் காத்துவந்த கறுப்பு வெள்ளை அதுவே. இப்போது இந்த அவையில் அமர்ந்திருக்கும் மூத்தோரிடம் சொல்லவேண்டிய நிறங்கள் இருக்கின்றன. இளையோரிடம் கரிக்கோல் இருக்கிறது. இன்றிரவு வீடு திரும்பியதும் பேழையைத் திறப்பீர்கள் என்று நம்புகிறோம்.